ஓடிபி வந்தால் முதலில் தொகையைப் படியுங்கள்

கேள்வி சுருக்கமாக இது: வீடு கேரள எல்லைக்குள் கொழிஞ்சாம்பாறையில், வங்கிக் கணக்கு தமிழ்நாட்டில் பொள்ளாச்சியில். முகநூல் விளம்பரத்தில் பார்த்த ஒரு தளத்தில் நெகமம் கைத்தறி காட்டன் சேலை 399 ரூபாய்க்குப் போட்டிருக்கிறான். ஏடிஎம் கார்டு நம்பரைக் கொடுத்து வாங்கலாமா? போன ஓணத்துக்கு அக்கா இப்படிக் கொடுத்து 18,000 ரூபாய் போய்விட்டது. புகார் கொடுக்க வேண்டியது கேரளத்திலா தமிழ்நாட்டிலா என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அந்தச் சேலையை விட்டுவிடுங்கள். தறியில் நெய்த நெகமம் சேலைக்கு நூல் விலையும் நெசவுக் கூலியும் சேர்த்தால் 399 ரூபாய் கட்டவே கட்டாது. ஒன்று, வருவது விசைத்தறித் துணியாக இருக்கும். அல்லது ஒன்றுமே வராது. அல்லது சேலை ஒரு சாக்கு, கார்டு விவரம்தான் அவனுக்கு வேண்டியது. மூன்றாவதுதான் அக்காவுக்கு நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். 399 ரூபாய்ச் சாமானுக்கு 18,000 போகிறதென்றால் வேறு விளக்கம் கிடைப்பது கஷ்டம்.

அது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். இந்தியக் கடை ஒன்றில் ஆன்லைனில் இந்தியக் கார்டைப் பயன்படுத்த வெறும் 16 இலக்க எண்ணும் பின்பக்கத்துச் சிறு ரகசிய எண்ணான சிவிவியும் போதாது. 2009 முதலே ரிசர்வ் வங்கி இரண்டாவது சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நமக்கு அது பெரும்பாலும் ஓடிபி, அதாவது வங்கி கைபேசிக்கு அனுப்பும் ஒருமுறை எண். ஆகவே போலித் தளக்காரன் என்ன செய்கிறான்? சேலைக்குப் பணம் கட்டும் பக்கம் போலவே ஒன்றை வைக்கிறான். நீங்கள் கார்டு விவரத்தை அடிக்கிற அதே நிமிடத்தில், அவன் வேறொரு நிஜமான கடையில் ஒரு கைபேசிக்கோ கிஃப்ட் கார்டுக்கோ அந்த விவரத்தைப் போடுகிறான். உங்கள் வங்கி நிஜமான ஓடிபியை உங்களுக்கு அனுப்புகிறது. போலிப் பக்கத்தில் ஓடிபி கட்டம் தயாராகத் திறந்திருக்கிறது. நீங்கள் சேலைக்கு என்று நினைத்து அடிக்கிறீர்கள். அவன் அதை எடுத்துக் கைபேசிக்குக் கொடுக்கிறான். உங்கள் திரையில் 'பேமெண்ட் ஃபெயில்டு, மீண்டும் முயலுங்கள்' என்று வரும். முயன்றால் இரண்டாவது முறையும் போகும்.

இதில் வங்கியை யாரும் உடைக்கவில்லை. பூட்டைத் திறந்தது நம் விரல். தடுப்பதற்கான இடமும் அதனால் அங்கேதான் இருக்கிறது: ஓடிபி வந்த குறுஞ்செய்தி. அதில் ஆறு இலக்கத்தை மட்டும் பொறுக்கி எடுத்து அடிப்பது நம் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. அதே செய்தியில் எவ்வளவு ரூபாய், எந்தக் கடைக்கு, எந்தக் கார்டின் கடைசி நான்கு இலக்கம் என்றும் பொதுவாக இருக்கும். 399க்குச் சேலை வாங்கும்போது செய்தியில் 17,990 என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். கடைப் பெயர் சில சமயம் மாறி வரும். ரேசர்பே, பேயு, கேஷ்ஃப்ரீ போன்ற பணப்பரிமாற்ற நிறுவனத்தின் பெயர் வந்தால் அதற்காக மட்டும் பயப்பட வேண்டாம். தொகை மட்டும் ஒரு பைசாகூட மாறக் கூடாது. ஓடிபியைக் கைபேசியே எடுத்துக் கட்டத்தில் நிரப்பிக்கொள்ளும் வசதி இருக்கிறதே, அது இந்த ஒரு காரணத்துக்காகவே வேண்டாத வசதி. படிக்கிற வேலையைப் பறித்துவிடுகிறது. வீட்டுப் பெரியவர்களுக்கு ஆங்கிலச் செய்தி புரியாவிட்டாலும் எண் புரியும். 'ரூபாய்க் கணக்கு எவ்வளவு போட்டிருக்குன்னு முதல்ல சொல்லுங்க' என்று பழக்கிவிட்டால் போதும்.

தொகையே இல்லாத ஓடிபி இன்னும் மோசம். கார்டை ஏதோ ஒரு தளத்தில் பதிவு செய்வதற்கோ, மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க அனுமதிப்பதற்கோ அது இருக்கலாம். '1 ரூபாய்க்கு ஒரு மாதம் இலவசம்' என்கிற விளம்பரங்கள் பல இந்த ரகம்தான்: கட்டுவது 1 ரூபாய், கையெழுத்துப் போடுவது மாதம் 999க்கு. இந்த மாதிரித் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக வங்கி அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது விதி. 15,000 ரூபாய் வரை அப்படி எடுக்க ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காது என்பதும் விதிதான். வங்கிச் செயலியில் 'மேண்டேட்' அல்லது 'ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன்' என்ற பகுதியைத் திறந்து, அறியாத பெயர் இருந்தால் ரத்து செய்யுங்கள்.

ஓடிபியே இல்லாமல் போகிற பணமும் உண்டு. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் எண், காலாவதி மாதம், சிவிவி மூன்றும் இருந்தால் போதும். சிலது சிவிவிகூடக் கேட்பதில்லை. நள்ளிரவில் டாலரில் பணம் போனதாகக் கேள்விப்படுவதெல்லாம் பெரும்பாலும் இந்த வழி. இதற்கு மருந்து ஒரு பொத்தான்தான். 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி ஒவ்வொரு கார்டிலும் உள்நாடு, வெளிநாடு, ஆன்லைன், கடை இயந்திரம், ஏடிஎம், தட்டிச் செலுத்துவது எல்லாவற்றையும் தனித்தனியாகத் திறக்கவும் மூடவும் வரம்பு வைக்கவும் வசதி கொடுத்தாக வேண்டும். வங்கிச் செயலியில் கார்டு பகுதிக்குள் போய், வெளிநாட்டுப் பயன்பாடு முழுவதையும் மூடுங்கள். உள்நாட்டு ஆன்லைனுக்கு நாள் வரம்பாக 3,000 அல்லது 5,000 வையுங்கள். பெரிய சாமான் வாங்கும் நாளில் ஐந்து நிமிடம் ஏற்றிவிட்டு, முடிந்ததும் இறக்கிவிடலாம். செயலி வராதவர்கள் ஏடிஎம் இயந்திரத்திலோ கிளையிலோ இதைச் செய்துகொள்ளலாம். அந்த உத்தரவுக்குப் பிறகு வந்த புதுக் கார்டுகளில் ஆன்லைன் பயன்பாடு மூடியேதான் வரும். 'கார்டு வேலை செய்யவில்லை' என்று புலம்பிக் கிளையில் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறந்துவிடச் சொல்வது நாமே.

எந்தக் கணக்கின் கார்டு என்பதையும் யோசியுங்கள். சம்பளமோ பால் பணமோ தேங்காய்ப் பணமோ வந்து சேரும் கணக்கின் டெபிட் கார்டை ஆன்லைனில் காட்டவே வேண்டாம். வேறு வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்து, அதில் இரண்டாயிரம் மூவாயிரம் மட்டும் போட்டு அதன் கார்டைக் கொடுங்கள். ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை: சில கணக்குகளில் இருப்பு குறைந்தால் நிரந்தர வைப்புத்தொகை தானாக உடைந்து கணக்குக்கு வரும். 'ஸ்வீப்' என்பார்கள். மருத்துவச் செலவுக்கு அது நல்லது, திருடனுக்கும் நல்லது. கிரெடிட் கார்டு இருந்தால் ஆன்லைனுக்கு அதுவே மேல். தகராறு நடக்கும்போது முடங்கிக் கிடப்பது வங்கிப் பணம். டெபிட் கார்டில் முடங்குவது உங்கள் வீட்டுச் செலவுப் பணம்.

தளம் நிஜமா போலியா என்று பார்ப்பது எப்படி? தள முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுப் படத்தை நம்பாதீர்கள். உங்களுக்கும் தளத்துக்கும் நடுவில் போகும் தகவலை யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்றுதான் அதற்குப் பொருள். மறுமுனையில் இருப்பவன் திருடனாக இருந்தாலும் பூட்டு இருக்கும். எல்லைப்பக்கம் இருக்கிற நமக்குக் கைகொடுக்கிற ஒரு சோதனை ஜிஎஸ்டி எண். தளத்தின் அடியில் 15 எழுத்தில் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம். தமிழ்நாடு 33, கேரளம் 32, ஆந்திரம் 37, கர்நாடகம் 29. 'நெகமம் நெசவாளர் நேரடி விற்பனை' என்று போட்டுவிட்டு எண் 07இல் தொடங்கினால் பதிவு டில்லியில். ஓணச் சீசனில் குத்தாம்புள்ளி செட்டு முண்டு என்று விற்கும் தளங்களையும் இப்படியே பாருங்கள். அது திருச்சூர் மாவட்டத்து ஊர், 32 வர வேண்டும். எண்ணை அப்படியே ஜிஎஸ்டி அரசுத் தளத்தில் 'சர்ச் டாக்ஸ்பேயர்' பகுதியில் போட்டால், பதிவு செய்தவரின் சட்டப்படியான பெயர், பதிவு உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா எல்லாம் வரும். உள்நுழையத் தேவையில்லை. சிமெண்ட் கடையின் எண்ணைத் திருடிச் சேலைத் தளத்தில் ஒட்டியிருப்பது அங்கே வெளுத்துவிடும். எச்சரிக்கையாக ஒன்று: வாட்ஸாப்பில் விற்கிற சின்ன நெசவாளருக்கு ஜிஎஸ்டி எண் இல்லாமலும் இருக்கலாம். எண் இல்லாதது குற்றமில்லை, பொய் எண் போட்டிருப்பதுதான் கேடு.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி தளத்தில் நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், முகவரி, குறைதீர்ப்பு அலுவலரின் பெயர், தொடர்பு விவரம் இருக்க வேண்டும். ஒரு ஜிமெயில் முகவரியும் வாட்ஸாப் எண்ணும் மட்டும் இருந்தால் திரும்பிவிடுங்கள். தளத்தின் பெயர் எப்போது பதிவானது என்பதை 'ஹூ ஈஸ்' தேடலில் பார்க்கலாம். 'முப்பது ஆண்டுப் பாரம்பரியம்' என்று எழுதிய தளம் பதினெட்டு நாளுக்கு முன் பிறந்திருக்கும். பணம் கட்டும் இடத்தில் முறையான பக்கத்துக்குப் பதில் தனியாள் பெயரில் ஒரு க்யூஆர் படம் வந்தாலும், கார்டின் இரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொன்னாலும் பேச்சே வேண்டாம்.

பெரிய தளங்களில் 'கார்டைச் சேமிக்கவா' என்று கேட்கும்போது பயப்படுகிறார்கள். 2022 அக்டோபர் 1 முதல் இந்தியக் கடைகள் கார்டு எண்ணைத் தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. கடைசி நான்கு இலக்கமும் வங்கிப் பெயரும் போக, எண்ணுக்குப் பதிலாக டோக்கன் என்ற ஒரு மாற்றுக் குறியீடுதான் இருக்கும். அந்த டோக்கன் வேறு கடையில் செல்லாது. ஆகவே அடிக்கடி வாங்கும் நம்பகமான தளத்தில் சேமிப்பதில் பெரிய ஆபத்து இல்லை. ஆபத்து இருப்பது கேரளத்து இ-சேவை மையமான அக்ஷயாவிலோ பிரவுசிங் சென்டரிலோ உட்கார்ந்து வாங்கும்போது. அந்தக் கணினியின் பிரவுசர் 'கார்டை நினைவில் வைக்கவா' என்று கேட்கும். அவசரத்தில் சரி என்று தட்டினால் அடுத்து உட்காருகிறவருக்கு எண் காத்திருக்கும். மையத்து ஆளை நம்பலாம் நம்பக் கூடாது என்பதல்ல பேச்சு. கார்டு வேலையை உங்கள் கைபேசியில் உங்கள் இணையத்தில் செய்யுங்கள், அவ்வளவுதான்.

பணம் கட்டியது பாதியில் நின்றுபோகும் நேரம்தான் வலை விரிந்திருக்கும் நேரம். கணக்கில் 2,400 கழிந்துவிட்டது, கடைக்குப் போய்ச் சேரவில்லை. உடனே கூகுளில் அந்தக் கடையின் 'கஸ்டமர் கேர் நம்பர் தமிழ்' என்று தேடுகிறோம். மேலே வருகிற எண் திருடன் போட்டது. அழகான தமிழில் பேசுவான், பணத்தைத் திருப்ப ஒரு செயலியை இறக்கச் சொல்வான். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை திரையை அவனுக்குக் காட்டும். வாட்ஸாப்பில் வரும் ஏபிகே கோப்பு (தட்டினால் செயலியாக ஏறிக்கொள்ளும் கோப்பு) இன்னும் கொடியது, குறுஞ்செய்திகளையே அவனுக்கு அனுப்பிவிடும். அதன்பின் ஓடிபியை நீங்கள் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. தேடவே தேவையில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. கார்டில் பணம் கழிந்து கடைக்கு உறுதி போகாவிட்டால், நடந்த நாள் தவிர ஐந்து நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் உத்தரவு. ஐந்து நாள் பொறுங்கள். பேசியே ஆக வேண்டுமென்றால் கார்டின் பின்பக்கம் அச்சடித்த எண்ணுக்குப் பேசுங்கள். வங்கித் தளங்கள் இப்போது 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாறிவிட்டன; அந்த முடிவு இல்லாத இணைப்பில் வங்கி வேலை எதையும் செய்யாதீர்கள். வங்கியின் செய்தி பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வராது.

பொட்டலம் கொண்டுவருகிறவர் பெயரில் நடக்கும் இரண்டு வித்தைகளையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எதுவும் வாங்காதபோது ஒருவர் வந்து 'உங்கள் பெயரில் பார்சல், வேண்டாம் என்றால் ரத்து செய்கிறேன், வந்த ஓடிபியைச் சொல்லுங்கள்' என்பார். ரத்துக்கு ஓடிபி கொடுக்காதீர்கள். வாங்காமல் அனுப்பிவிட்டாலே போதும். இன்னொன்றில் 'முகவரி சரியில்லை, இந்த எண்ணை அழுத்துங்கள்' என்று நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஓர் எண்ணைச் சொல்வார்கள். அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் அவர்களுக்குப் போகும், குரல் வழி ஓடிபியும் சேர்த்து. சந்தேகம் இருந்தால் *#21# அழுத்தி அழைப்பு எங்காவது திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். ##002# அழுத்தினால் எல்லாத் திருப்பலும் நீங்கும்.

இனி, போய்விட்டால் என்ன செய்வது. வரிசை முக்கியம். முதலில் செயலியிலோ கார்டின் பின்பக்க எண்ணிலோ கார்டை முடக்குங்கள். அடுத்து 1930, சைபர் பண மோசடிக்கான உதவி எண். நாடு முழுவதற்கும் ஒரே எண்தான். வாளையார் எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற கவலை வேண்டாம். கையில் வைத்திருக்க வேண்டியது: வங்கிப் பெயர், கணக்கு எண், கார்டின் கடைசி நான்கு இலக்கம், தொகை, நேரம், குறுஞ்செய்தியில் இருக்கும் பரிவர்த்தனை எண். திருடன் பணத்தை ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தள்ளிக்கொண்டே இருப்பான். அவன் எடுத்து முடிப்பதற்குள் நடுவில் எங்காவது முடக்குவதுதான் 1930இன் வேலை. அதனால் முதல் ஒரு மணி நேரத்துக்கு இருக்கும் மதிப்பு மறுநாள் காலைக்கு இருக்காது. தேசிய சைபர் குற்றத் தளத்திலும் முழுப் புகாரைப் பதிந்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு வங்கிக்கு எழுத்தில். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6ஆம் தேதிச் சுற்றறிக்கை இதற்கு அடிப்படை. தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை, நடுவில் வேறெங்கோ என்றால், வங்கியின் செய்தி வந்ததிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் என்றால் சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய், குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய் உங்கள் தலையில். அதற்கு மேல் அந்தந்த வங்கியின் கொள்கை. நாளை எண்ணும்போது செய்தி வந்த நாளைச் சேர்க்கக் கூடாது. வேலை நாள் என்பது உங்கள் கிளையின் வேலை நாள். இது எல்லைக்காரர்களுக்கு நல்ல உதவி. கிளை பொள்ளாச்சியில் என்றால் பொங்கல் விடுமுறை கணக்கில் வராது. ஆனால் திருவோணத்துக்குக் கேரளத்தில் வங்கி மூடியிருக்கிறது என்று நீங்கள் காத்திருந்தால், பொள்ளாச்சிக் கிளை அன்று திறந்திருந்தால் உங்கள் நாள் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் சொன்னதிலிருந்து பத்து வேலை நாளுக்குள் அந்தத் தொகையை வங்கி தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் கடமையும் வங்கியுடையது.

ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால் அதைக் கவனக்குறைவு என்று வங்கி சொல்லும், சொல்லும் நேரம் வரையிலான இழப்பு உங்களுடையதாகிவிடும். அதற்காக வெட்கப்பட்டு ஒளித்துவைத்தால் நட்டம் பெருகும். நீங்கள் தெரிவித்த பிறகு போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. புகார் எண், தேதி, மணி மூன்றையும் எழுதி வைப்பது அதற்காகத்தான்.

வேறொரு வகை இருக்கிறது, கிளையில் உள்ளவர்களே இதைக் குழப்புவார்கள். 399ஐ நீங்களே விரும்பிக் கட்டினீர்கள், சேலை வரவில்லை. இது அனுமதியில்லாப் பரிவர்த்தனை அல்ல. 'பொருள் வரவில்லை' என்ற தகராறு. கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகக் கடையிடமிருந்து திரும்பப் பெறுவதற்கு 'சார்ஜ்பேக்' என்று பெயர்; அந்தச் சொல்லைச் சொல்லியே கேளுங்கள். ஆர்டர் உறுதிச் செய்தி, தளத்தின் ஸ்கிரீன்ஷாட், விற்பனையாளருக்கு நீங்கள் எழுதியது, தருவதாகச் சொன்ன தேதி ஆகியவற்றை இணையுங்கள். கெடு கார்டு நெட்வொர்க்குக்கு (விசா, மாஸ்டர்கார்டு, ரூபே) ஏற்ப மாறும். விற்பனையாளர் 'அடுத்த வாரம், அடுத்த வாரம்' என்று இழுப்பதே கெடு தாண்டத்தான். தளம் மறைவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்தது என்று பார்க்காமல் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிய வேண்டும். கொழிஞ்சாம்பாறையில் கொடுக்கலாம், பொள்ளாச்சியிலும் கொடுக்கலாம். 'அங்கே போ' என்றால் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள். நுகர்வோர் வழக்கும் அப்படித்தான்: 2019ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போட அனுமதிக்கிறது, ஆகவே பாலக்காடு, 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. அதற்கு முன் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் முயலலாம். வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டால், அல்லது சொன்ன பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம், செலவில்லை. ஒரு வருடம் ஆகிறதென்றால் பணம் முழுக்கத் திரும்பும் என்று நான் சொல்ல மாட்டேன். வங்கிக்கு அன்றே சொல்லியிருந்து வங்கி பதில் சொல்லாமல் விட்டிருந்தால் மட்டும் அந்தக் கடிதத்தைத் தேடி எடுங்கள், அதற்கு இன்னும் உயிர் இருக்கலாம்.

இதற்கிடையில் 'போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் 2,000' என்று அக்காவுக்கு அழைப்பு வரும். சைபர் போலீஸ் என்றோ வக்கீல் என்றோ சொல்வார்கள், போன தொகையைச் சரியாகவே சொல்வார்கள். ஏமாந்தவர்களின் பட்டியலைத் திருடர்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்வதால்தான் தொகை அவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது. 1930க்குக் கட்டணம் கிடையாது, குறைதீர்ப்பாளருக்கும் கிடையாது. அழைப்பைத் துண்டித்துவிட்டு அந்த எண்ணைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், மோசடி அழைப்புகளைத் தெரிவிக்கும் 'சக்ஷு' பகுதியில் போட்டுவிடச் சொல்லுங்கள்.